பல்லேடியம் குளோரைடு மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பல்லேடியம் என்ற விலை உயர்ந்த உலோகத்தின் உப்பான இந்தப் பொடி சின்னச் சீசாவில், கிராம் கணக்கில்தான் வரும். 2022 மார்ச்சில் பல்லேடியம் ஒரு அவுன்ஸ் 3000 டாலரைத் தாண்டியது. அதன்பின் இறங்கினாலும் மலிவுச் சரக்கு ஆகிவிடவில்லை. அதனால் கரைசல் கலங்கியதுமே கொட்டிவிட்டுப் புதிதாகப் போட யாருக்கும் மனம் வராது. கொட்டவும் வேண்டாம். கலங்கிய கரைசலில் இருந்த பல்லேடியம் எங்கும் ஓடிப்போகவில்லை, உருமாறி அதே பீக்கரில்தான் உட்கார்ந்திருக்கிறது. எந்த உருவில் என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

உருமாற வழி மூன்று. குளோரைடு போதாவிட்டால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஹைட்ராக்சைடாகும். எலக்ட்ரான் தருகிற எதையாவது தொட்டால் உலோகமாக விழும். அயோடைடு, அம்மோனியா, சல்பைடு போல இன்னும் இறுக்கிப் பிடிப்பவை வந்தால் குளோரைடை விட்டுவிட்டு அவற்றோடு போய்விடும். கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மூன்றில் எது நடந்தது என்பதுதான் முதல் கேள்வி.

தொடங்குமுன் இன்னொன்று. சில விற்பனைப் பட்டியல்கள் பல்லேடியத்தின் ஹாலைடுகளை (குளோரைடு, அயோடைடு, ஃபுளோரைடு போன்றவற்றை) செராமிக் பொருள் வரிசையில் போடுகின்றன. அதைப் பார்த்து, சூளையில் வைத்துச் சுட்டு வில்லையாக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். குளோரைடு 680° செ வாக்கில் உருகும்போதே சிதைந்து குளோரினை விடும். அயோடைடு அதற்கு வெகு முன்பே, 350° செ அருகில், அயோடினை விட்டு உலோகமாகிவிடும். ஃபுளோரைடுக்கோ ஈரம் பட்டாலே ஆகாது. செராமிக்கோடு இந்தக் குடும்பத்துக்கு இருக்கும் உண்மையான உறவு வேறு. அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) தகட்டின் மேல் நிக்கல் ஏற விதை போடுவது ஒன்று, அலுமினா உருண்டைக்குள் வினையூக்கி ஏற்றுவது இன்னொன்று. இரண்டிலும் கைகொடுப்பது குளோரைடு. ஆகவே பேச்சு பெரும்பாலும் அதைப் பற்றியே.

தண்ணீரில் போட்டு மணிக்கணக்காகக் கலக்கியும் கரையவில்லை

கரையாது. பொடியில் கோளாறு இல்லை. ஒவ்வொரு பல்லேடியம் அணுவும் தன்னைச் சுற்றி ஒரே தளத்தில் நான்கு குளோரைடு கேட்கும். சேர்மத்தில் ஆளுக்கு இரண்டுதான் இருக்கிறது. அதனால் பக்கத்து அணுவோடு பங்கு போட்டுக்கொண்டு நீளச் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கிறது. வெறும் தண்ணீர் அந்தச் சங்கிலியை அறுக்காது. ஆளுக்கு இன்னும் இரண்டு குளோரைடு வெளியிலிருந்து கொடுத்தால் பங்கு போட வேண்டியதில்லை. சங்கிலி அவிழ்ந்து, நான்கு குளோரைடு சூழ்ந்த தனித்தனி அயனியாகக் கரைசலுக்கு வந்துவிடும்.

கணக்குப்படி 1 கிராம் பொடிக்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறத்தாழ 1 மி.லி. போதும். நடைமுறையில் 2 முதல் 3 மி.லி. விடுவது நல்லது. வரிசை முக்கியம்: பொடியை முதலில் அமிலத்தில் நனைத்து, 50–60° செ வரை இளஞ்சூட்டில் வைத்து, முழுக்கக் கரைந்து கருஞ்சிவப்பாகத் தெளிந்த பிறகே தண்ணீர் சேர்க்க வேண்டும். தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டு அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் அரை நாள் போகும்.

அமிலம் ஆகாத வேலை என்றால் சாதாரண உப்பே போதும். 1 கிராமுக்குக் குறைந்தது 0.66 கிராம் சோடியம் குளோரைடு, கொஞ்சம் தாராளமாக, வெந்நீரில். டிபார்ட்மென்ட் ஸ்டோர் உப்புப் பாக்கெட்டை உடைக்காதீர்கள். அதில் அயோடின் சேர்மமும், கட்டிபிடிக்காமல் இருக்கப் போடும் பொருளும் இருக்கும். ஆய்வக உப்பே வாங்கிக்கொள்ளுங்கள்.

அசிட்டோன், டொலுவீன் போன்ற கரைப்பான்களில் கரைக்கப் பார்ப்பவர்களுக்கும் இதே பதில்தான்: சங்கிலியை அறுக்க ஆள் வேண்டும். அசிட்டோநைட்ரைலில் போட்டுக் கொதிக்க வைத்தால் அதன் மூலக்கூறுகளே அந்த வேலையைச் செய்து, மஞ்சள் கலந்த ஆரஞ்சுப் பொடியாக ஒரு கூட்டுச் சேர்மம் கிடைக்கும். கரிமக் கரைப்பான்களில் வேலை செய்ய அதுதான் வாகு.

நன்றாகக் கரைந்தது, தண்ணீர் விட்டு அளவு கூட்டியதும் பழுப்பாகக் கலங்கிவிட்டது

அதிகம் பேரை அலைக்கழிக்கும் அறிகுறி இதுதான். உடனே வடிகட்டப் போகாதீர்கள். கலங்கலில் 2 மி.லி. எடுத்து ஒரு சோதனைக் குழாயில் விட்டு, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் நாலைந்து சொட்டு போட்டு லேசாகச் சூடாக்கிப் பாருங்கள்.

தெளிந்தால் அது ஹைட்ராக்சைடு. தண்ணீர் கூடக் கூட அமிலமும் குளோரைடும் நீர்த்துப்போய், பல்லேடியம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டது. மொத்தக் கரைசலுக்கும் அதே விகிதத்தில் அமிலம் சேர்த்து இளஞ்சூடாக்கினால் சரியாகிவிடும். இனிமேல் அளவு கூட்டும்போது தனித் தண்ணீர் விடாமல், லிட்டருக்குச் சில மி.லி. அமிலம் கலந்த தண்ணீரை விடுங்கள். ஒரு எச்சரிக்கை: இந்தக் கலங்கலை வாரக்கணக்கில் கிடப்பில் போடக் கூடாது. புதிதாக விழுந்த ஹைட்ராக்சைடு அமிலத்தில் சட்டென்று கரையும். பழசாகி நீர் இழந்து ஆக்சைடாகிவிட்டால் கரைய அடம்பிடிக்கும்.

தெளியாமல், அடியில் நுண்ணிய கருந்தூளாகத் தங்கினால் அது உலோகம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் மட்டும் எவ்வளவு விட்டாலும் அதற்கு உறைக்காது. ஆக்சிஜனேற்றியும் கூட வேண்டும். கருந்தூளை அடர் அமிலத்தில் போட்டு ஹைட்ரஜன் பெராக்சைடை ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். இங்கே அவசரம் கூடாது, ஏனென்றால் பல்லேடியம் தூளே பெராக்சைடை உடைக்கும். சேர்ந்தாற்போல் 1 மி.லி. விட்டால் பொங்கி பீக்கருக்கு வெளியே வந்துவிடும். குளோரினும் வெளிவரும் என்பதால் ஃப்யூம் ஹூட் (புகையை வெளியே இழுக்கும் கூண்டு) இல்லாமல் செய்யக் கூடாது. கரைந்த பிறகு நன்றாகக் கொதிக்க வைத்து மிச்சப் பெராக்சைடையும் குளோரினையும் விரட்டிவிடுங்கள். ராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவையில்) கரைப்பவர்கள் நைட்ரேட் போக ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு விட்டு இரண்டு மூன்று தடவை வற்றவைக்க வேண்டியிருக்கும். பெராக்சைடு வழியில் அந்தத் தொல்லை இல்லை, ஆகவே எனக்குப் பிடித்தது அதுதான்.

கருப்பாக விழுந்தது பொட்டாசியம் அயோடைடு கரைசலை மிகுதியாக விட்டதும் கரைந்து கருஞ்சிவப்பானால் அது பல்லேடியம் அயோடைடு. அயோடைடு வைத்திருந்த பிப்பெட் இங்கே வந்துவிட்டது என்று அர்த்தம். குளோரைடும் புரோமைடும் இப்படி வீழ்படிவு தராது, அயோடைடு மட்டும் தரும். இந்தக் குணத்தை வைத்தே அந்தக் காலத்தில் கலவையில் அயோடைடை மட்டும் பிரித்து நிறுத்து அளந்தார்கள்.

கலங்கவில்லை, ஆனால் கரைசலின் வலு ஆறில் ஒரு பங்கு குறைகிறது

தராசைக் குறை சொல்லாதீர்கள், சீசா லேபிளைப் படியுங்கள். நீரற்ற பொடியில் பல்லேடியம் 60 சதவீதம். இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த பொடியில் 50 சதவீதத்தை ஒட்டி. மூலக்கூறு எடை 177.3, மற்றது 213.4. ஒன்றின் கணக்கைப் போட்டு மற்றதை நிறுத்தால் 17 சதவீதம் அடிபடும். வாங்கும்போது பொடியின் எடையை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் உலோகத்தின் சதவீதத்தைப் பார்த்து விலை பேசுவது உத்தமம்.

ஸ்பேட்டுலா கறுக்கிறது, தொங்கவிட்ட கம்பியில் கரி மாதிரி ஒட்டுகிறது

இரும்பு, துத்தநாகம், அலுமினியம், செம்பு எல்லாமே பல்லேடியத்துக்கு எலக்ட்ரானைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தாம் கரையும். எவர்சில்வர் ஸ்பேட்டுலாவும் அமிலக் கரைசலில் அதிக நேரம் தாங்காது. நஷ்டம் இரண்டு வகை: பல்லேடியம் கம்பியில் போகிறது, இரும்பும் செம்பும் கரைசலில் சேர்கின்றன. பிளாஸ்டிக் ஸ்பேட்டுலா, கண்ணாடிக் கம்பி, பிளாஸ்டிக் உறை போட்ட கொக்கி. வேறு தீர்வு இல்லை.

பீக்கர் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி போலச் சாம்பல் நிறப் படலம் படிகிறதா? எத்தனாலோ மெத்தனாலோ எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். பீக்கரை ஆல்கஹால் விட்டு அலசிவிட்டுக் காயாமல் பயன்படுத்தினாலும், இளஞ்சூட்டில் அந்த மிச்சமே பல்லேடியத்தை உலோகமாக்கப் போதும். ஃபார்மலின், ஃபார்மிக் அமிலம் பக்கத்தில்கூட வரக் கூடாது.

இளஞ்சிவப்பாக ஏதோ விழுந்தது

யாரோ அமிலத்தைத் தணிக்க அம்மோனியா விட்டிருக்கிறார்கள். அந்த இளஞ்சிவப்புப் பொடியின் ஒரு பாதி நான்கு அம்மோனியா சூழ்ந்த பல்லேடியம், மறு பாதி நான்கு குளோரைடு சூழ்ந்த பல்லேடியம். வோக்லான் உப்பு என்று பெயர். பயப்பட வேண்டாம். அம்மோனியாவை இன்னும் விட்டுச் சூடாக்கினால் எல்லாமே அம்மோனியா பக்கம் சாய்ந்து நிறமற்ற கரைசலாகும். அதை வடிகட்டி, ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் பளிச்சென்ற மஞ்சள் பொடி விழும். தவறுதலாக நடந்தது போலத் தோன்றினாலும், பல்லேடியத்தைச் சுத்தம் செய்ய உலோகச் சுத்திகரிப்பாளர்கள் வேண்டுமென்றே நடக்கும் பாதை இதுதான்.

பிளேட்டிங்: ஜாப் (முலாம் பூச வந்த பொருள்) மேல் நிக்கல் ஏறவே இல்லை

மின்சாரம் இல்லாமல் நிக்கல் ஏற்றும் முறையை 1946-இல் பிரென்னரும் ரிடெலும் வெளியிட்டார்கள். ஹைப்போபாஸ்பைட் எலக்ட்ரான் தரும், நிக்கல் படியும். ஆனால் அந்த வினை தானாகத் தொடங்காது, தொடங்கிவைக்க மேற்பரப்பில் ஏதாவது வினையூக்கி வேண்டும். அலுமினாவுக்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கும் அந்தக் குணம் கிடையாது. அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத பல்லேடியம் விதைகள்.

ஏறவில்லை என்றதும் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது விலை உயர்ந்த பல்லேடியம் கரைசலை. அதற்கு முன் ஒரு சுத்தமான இரும்பு ஆணியை அமிலத்தில் முக்கி அலசி நிக்கல் தொட்டிக்குள் விடுங்கள். இரும்பு மேல் நிக்கல் தானாகவே தொடங்கும். ஆணியைச் சுற்றிப் பொடிக் குமிழிகள் எழுந்து சில நிமிடத்தில் பளபளப்பு ஏறினால் தொட்டி நலம், குற்றம் முன்வேலையில். ஆணியும் சும்மா கிடந்தால் பல்லேடியத்தை விட்டுவிட்டுத் தொட்டியின் வெப்பத்தையும் பிஎச்சையும் பாருங்கள். அமிலவகைத் தொட்டிக்கு 85–90° செ, பிஎச் 4.5 முதல் 5.

முன்வேலைதான் குற்றவாளி என்றால் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். இரண்டு படி முறையில் முதலில் ஸ்டானஸ் குளோரைடு (எலக்ட்ரான் தரும் தகரச் சேர்மம்), அலசல், பிறகு பல்லேடியம் குளோரைடு. வெள்ளை அலுமினாத் தகடு பல்லேடியத்திலிருந்து வெளியே வரும்போது, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஓரங்களில் மெல்லிய பழுப்புச் சாயல் தெரிய வேண்டும். தூய வெள்ளையாகவே வந்தால் விதை விழவில்லை. விழாததற்குப் பெரும்பாலும் காரணம் தகரம். ஸ்டானஸ் கரைசல் காற்றுபட்டு ஸ்டானிக் ஆகிவிட்டால் அதனிடம் கொடுக்க எலக்ட்ரான் இல்லை. பால் போல் வெள்ளையாகக் கலங்கிய ஸ்டானஸ் கரைசலை நம்ப வேண்டாம். முதலில் அமிலத்தில் கரைத்து, பிறகு தண்ணீர் சேர்த்து, அடியில் இரண்டு துண்டு தகர உலோகம் போட்டுவைத்தால் கொஞ்ச நாள் தாங்கும். ஆனாலும் சின்ன வேலைக்கு அன்றன்று போட்டுக்கொள்வதே மேல். லிட்டருக்கு 10 கிராம் ஸ்டானஸ் குளோரைடு விலை, வீணாகும் ஒரு ஜாப்பின் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை.

ஏபிஎஸ் ஜாப்பில் துளைகளிலும் மூலைகளிலும் மட்டும் ஏறாமல் விட்டுப்போகிறதா? மேற்பரப்பை அரித்துச் சொரசொரப்பாக்கும் குரோமிக் அமில எட்ச்சின் மிச்சம் அங்கே ஒளிந்திருக்கிறது. அறுமதிப்புக் குரோமியம் கசிந்து தகரத்தை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். எட்ச்சுக்குப் பின் சோடியம் பைசல்பைட் போன்ற நடுநிலையாக்கியில் முக்கி எடுக்கும் படியைச் சுருக்கியவர்களுக்குத்தான் இது வரும்.

ஒரே தொட்டியில் தகரமும் பல்லேடியமும் சேர்ந்த கொலாய்டு வகை (நுண்துகள்கள் மிதக்கும்) ஆக்டிவேட்டர், அதாவது விதை போடும் கரைசல், பயன்படுத்துவோருக்குத் தனி எச்சரிக்கை. அளவு குறைந்தால் தண்ணீர் ஊற்றி நிரப்பாதீர்கள், காற்றுக்குழாய் விட்டுக் கலக்காதீர்கள். குளோரைடு நீர்த்தாலும், தகரம் காற்றில் தீர்ந்தாலும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் இறங்கிவிடும். நல்ல கொலாய்டு கெட்டி டிகாஷன் நிறத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்கும். மேலே தெளிந்து கீழே கருப்புச் சேறு தங்கினால் அது செத்தது, மீட்பு டப்பாவுக்கு அனுப்புங்கள்.

பிளேட்டிங்: ஏறுகிறது, ஜாப் மேல் மட்டுமில்லாமல் தொட்டிச் சுவரிலும் ஏறுகிறது

பல்லேடியம் ஜாப்போடு ஒட்டிக்கொண்டு நிக்கல் தொட்டிக்குள் வந்துவிட்டது. அலசல் போதவில்லை. தொட்டி முழுக்க நுரைத்து, அடியில் கருந்தூள் தெரிந்தால் சூட்டை உடனே நிறுத்துங்கள். ஆறவிட்டு வடிகட்டி வேறு பாத்திரத்துக்கு மாற்றி, காலித் தொட்டியை நன்றாகத் தண்ணீர் விட்டு அலசி, பிறகு நைட்ரிக் அமிலத்தால் படிந்த நிக்கலைக் கரைத்துக் கழுவுங்கள். சிலசமயம் திரவத்தையே கைவிட வேண்டியிருக்கும். இதே கதை தலைகீழாக, ஸ்டானஸ் பல்லேடியம் கரைசலுக்குள் வந்தால் அது அங்கேயே பல்லேடியத்தை உலோகமாக்கும், கரைசல் நாளுக்கு நாள் கறுக்கும். நடுவில் ஓடும் டி.ஐ. (அயனி நீக்கிய) தண்ணீர் அலசலில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

ஏறியது உரிந்து வருகிறது என்றால் பல்லேடியத்தை அதிகம் குடையாதீர்கள். பிடிமானம் எட்ச்சிலிருந்து வருவது. 96 சதவீத அலுமினாவில் மணிகளுக்கு நடுவே கண்ணாடி போன்ற பகுதி இருக்கும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அதைத் தின்று குழிகளை உண்டாக்கும். 99 சதவீதத்துக்கு மேல் போனால் தின்ன அதிகம் இல்லாததால் பிடிமானமும் குறையும். அந்த அமிலத்தைத் தொடுபவர் கால்சியம் குளூகோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் தொடக் கூடாது.

வினையூக்கி உருண்டையை வெட்டினால் தோலில் மட்டும் பழுப்பு, உள்ளே வெள்ளை

கரைசல் சரி, அலுமினா சரி, ஒட்டும் வேகம்தான் அதிகம். அமிலக் கரைசலில் அலுமினாவின் மேற்பரப்பு நேர்மின்னூட்டம் கொள்ளும். குளோரைடு சூழ்ந்த பல்லேடியம் எதிர்மின்னூட்டம் கொண்டது. வாசலிலேயே ஒட்டிக்கொண்டு உள்ளே போகாது. வினை வேகமாக நடக்கும் வேலைக்கு இந்த முட்டையோட்டு அமைப்பே வசதி என்பதால், முதலில் உங்களுக்கு இது குறையா என்று யோசியுங்கள். உள்ளேயும் போக வேண்டும் என்றால் கரைசலில் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் சேர்த்துப் பாருங்கள். அது வாசல் இடங்களைத் தான் பிடித்துக்கொண்டு பல்லேடியத்தை உள்ளே தள்ளும்.

சிலிக்காவில் நேர்மாறான புகார் வரும்: ஒட்டாமல், காயும்போது எல்லாம் வெளியே வந்து திட்டுத்திட்டாகிறது என்று. சிலிக்காவின் மேற்பரப்பு பிஎச் 2-க்கு மேல் எதிர்மின்னூட்டம் பக்கம் போவதால் குளோரைடு வடிவம் அங்கே ஒட்டாது. முன்பு சொன்ன அம்மோனியா வடிவத்தைக் காரக் கரைசலில் கொடுங்கள், ஒட்டும்.

கார்பன் மோனாக்சைடு காட்டும் தாள் கறுத்துவிட்டது, வீட்டில் அப்படி ஒரு வாயுவே இல்லை

கார்பன் மோனாக்சைடு, தண்ணீர், தாளில் இருக்கும் பல்லேடியம் குளோரைடு சேர்ந்தால் வாயு கார்பன் டை ஆக்சைடாகும், பல்லேடியம் கருப்பாக விழும். ஆனால் ஹைட்ரஜனும், ஹைட்ரஜன் சல்பைடும், எத்திலீனும்கூட இதே தாளைக் கறுக்கவைக்கும். எத்திலீன் பல்லேடியத்தை உலோகமாக்கித் தான் அசிட்டால்டிஹைடாக மாறும் என்பது 1894-லேயே தெரிந்த சங்கதி. 1950-களின் இறுதியில் ஜெர்மனியின் வாக்கர் நிறுவனத்தில் செம்புக் குளோரைடைக் கூடச் சேர்த்து, விழுந்த உலோகத்தை மறுபடி கரைத்துச் சுழலவிட்டபோதுதான் அது தொழிற்சாலை முறையாயிற்று. தாள் கறுக்காமல் இருப்பதும் ஆறுதல் தராது. தாள் காய்ந்திருந்தாலோ அமிலம் மிகுந்திருந்தாலோ வினை மந்தமாகும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் மின்னணுக் கருவி வையுங்கள், தாளைப் பள்ளி ஆய்வகத்துக்கு விடுங்கள்.

கையில் அரிப்பு

நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பல்லேடியமும் ஒத்துக்கொள்ளாமல் போவது சகஜம். நைட்ரைல் கையுறை போடுங்கள். அரிப்பு தொடர்ந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள், அரிப்பு வந்தவரை அலசல் தொட்டி வேலையிலிருந்து மாற்றுங்கள்.

கெட்டுப்போனதை என்ன செய்வது

ஒரு கேன் வையுங்கள். அலசல் தண்ணீர், செத்த கொலாய்டு, வடிதாள், கறுத்த கம்பி எல்லாம் அதில். லிட்டருக்கு 0.25 கிராம் குளோரைடு போட்ட கரைசலில் உலோகம் 0.15 கிராம் இருக்கிறது, கேன் நிறைய நிறைய அது சேரும். பல்லேடியம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, தெளிந்த அமிலக் கரைசலில் டைமெத்தில்கிளையாக்சைம் இரண்டு சொட்டு விடுங்கள். மஞ்சளாக விழுந்தால் இருக்கிறது. நிக்கல் இதே மருந்தில் சிவப்பாக விழும், ஆனால் அதற்குக் காரக் கரைசல் வேண்டும் என்பதால் இங்கே குழப்பாது.

கரைந்திருப்பதைத் துத்தநாகத் தூள் போட்டுக் கருந்தூளாக இறக்கலாம். அமிலத்தில் ஹைட்ரஜன் எழும் என்பதால் பக்கத்தில் நெருப்பு ஆகாது. விழுந்த தூள் அந்த ஹைட்ரஜனை உறிஞ்சி வைத்திருக்கும். வடிதாளில் உலர்ந்த நிலையில் ஆல்கஹால் ஆவி பட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும். அதனால் ஈரமாகவே ஒரு கண்ணாடிச் சீசாவில், மேலே தண்ணீர் நிற்க மூடி, உள்ளடக்கமும் தேதியும் எழுதி ஒட்டிச் சுத்திகரிப்பாளருக்கு அனுப்புங்கள்.